கியர் இல்லாத மிதிவண்டியில் செயின் தொய்வு

கியர் இல்லாத மிதிவண்டியில் பெடலோடு சுழலும் பெரிய பல்சக்கரத்துக்கும் பின்சக்கரத்தில் உள்ள சிறிய பல்சக்கரத்துக்கும் இடையே ஓடும் சங்கிலி, நடுவில் எவ்வளவு மேலும் கீழும் அசைகிறதோ அதுவே செயின் தொய்வு எனப்படும். பெரிய பல்சக்கரத்தைக் கடைக்காரர்கள் செயின் வீல் என்றும், சிறியதை ஃப்ரீவீல் என்றும் சொல்வர். இக்கட்டுரையிலும் அப்பெயர்களே பயன்படுத்தப்படுகின்றன.

கியர் வண்டியில் ஸ்பிரிங் பொருத்திய ஒரு கை செயினின் அதிகப்படி நீளத்தை எப்போதும் இழுத்துப் பிடித்திருக்கும். ஒரே ஃப்ரீவீல் உள்ள வண்டியில் அந்தக் கை கிடையாது. பின்சக்கரத்தின் அச்சை முன்னே பின்னே நகர்த்தித்தான் தொய்வைச் சரிசெய்ய வேண்டும். வேலை சிறியது, ஒரு ஸ்பேனரும் கால் மணி நேரமும் போதும். ஆனால் தவறாகச் செய்தால் ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்கும்போது செயின் தாவி, கால் வழுக்கி, ஓட்டுபவர் கைப்பிடியின் மேல் விழ நேரிடும். பின்னால் பேருந்து வரும் சாலையில் இது சிறிய விஷயம் இல்லை.

எந்த வண்டிகளுக்குப் பொருந்தும்

நம் ஊரில் ஓடும் மிதிவண்டிகளில் பெரும்பாலானவை இந்த வகையே. 28 அங்குலச் சக்கரமுள்ள கறுப்பு நிறப் பெரிய சைக்கிள், பெண்களுக்கான தாழ்ந்த சட்ட வண்டி, தமிழ்நாட்டில் பதினொன்றாம் வகுப்பு மாணவர்களுக்கு அரசு வழங்கும் விலையில்லா மிதிவண்டி ஆகிய எல்லாவற்றிலும் ஒரு செயின் வீலும் ஒரு ஃப்ரீவீலும்தான் உண்டு. 26 அங்குலச் சக்கரம், தடித்த டயர், நேர் கைப்பிடி என்று மலை மிதிவண்டியின் தோற்றத்தில் விற்கப்படும் வண்டிகளிலும் பல கியர் இல்லாதவை. மக்கள் பேச்சில் இவை 'ரேஞ்சர் மாடல்' வண்டிகள். வெளிநாடுகளில் மலைப்பாதையில் ஓட்டுவதற்கென்றே ஒற்றைக் கியர் வண்டிகளை வேண்டி வாங்குவோர் உண்டு. அவற்றைப் பற்றி இறுதியில் பார்க்கலாம். இயக்கம் எல்லாவற்றுக்கும் ஒன்றே.

புதுச்சேரியின் பெரிய மார்க்கெட்டை எடுத்துக்கொள்வோம். குபேர் அங்காடி என்பது அதன் முறையான பெயர். நேரு வீதிக்கும் ரங்கப்பிள்ளை வீதிக்கும் இடைப்பட்ட அந்த வளாகத்தைச் சுற்றிக் காலை வேளையில் நின்று பார்த்தால் ஒற்றைக் கியர் வண்டிக்கு என்னென்ன நேரும் என்பது ஓர் அரை மணியில் விளங்கிவிடும். கேரியரில் வாழைத்தார் கட்டிய வண்டி, பின்னால் மீன்கூடை வைத்த வண்டி, மூட்டை ஏற்றிய மூன்று சக்கர வண்டி எல்லாம் ஒரே சந்தில் நுழையும். நின்று, கிளம்பி, மீண்டும் நிற்க வேண்டிய இடம் அது. நின்ற நிலையிலிருந்து பாரத்தோடு கிளம்பும் அந்த முதல் அரைச் சுற்றில்தான் செயின் மீது அதிக விசை விழுகிறது. நகரம் சமதளம் என்றாலும் கோரிமேட்டுப் பக்கம் ஏற்றம் உண்டு. அங்கிருந்து மார்க்கெட்டுக்கு வரும்போது இறக்கம். திரும்பும்போது மிதித்தாக வேண்டும். தொய்ந்த செயின் இறக்கத்தில் ஒரு விதமாகவும் ஏற்றத்தில் வேறு விதமாகவும் காலை வாரும்.

செயினின் அமைப்பு

இன்றைய மிதிவண்டிச் செயினின் மூல வடிவத்தை இங்கிலாந்தின் மான்செஸ்டரில் தொழில் நடத்திய சுவிட்சர்லாந்துக்காரர் ஹான்ஸ் ரெனால்ட் 1880-இல் உருவாக்கினார். பக்கத் தகடுகள், அவற்றை இணைக்கும் ஊசி, ஊசியைச் சுற்றிய குழல், குழலின் மேல் உருளும் உருளை என்ற அமைப்பு அப்போது வந்ததே. அதற்கு முன்பு பிரான்சில் மிஷோ செய்த வண்டிகளில் பெடல் முன்சக்கரத்திலேயே இருந்தது. செயினும் இல்லை, தொய்வும் இல்லை. 1885-இல் ஜான் கெம்ப் ஸ்டார்லி கவன்ட்ரி நகரில் செய்த ரோவர் வண்டி பின்சக்கரத்தைச் செயினால் ஓட்டியது. இன்று நம் வீட்டு வாசலில் நிற்கும் சைக்கிள் அதன் வழித்தோன்றல்.

ஓர் ஊசியின் மையத்திலிருந்து அடுத்த ஊசியின் மையம் வரை உள்ள தூரம் அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர். உலகம் முழுவதும் மிதிவண்டிச் செயினுக்கு இதே அளவுதான். கியர் இல்லாத வண்டிச் செயினின் உள் அகலம் பெரும்பாலும் 1/8 அங்குலம். கியர் வண்டிச் செயின் 3/32 அங்குலம் அல்லது அதற்கும் குறைவு. பல் தடித்த ஃப்ரீவீலில் கியர் வண்டிச் செயினை மாட்ட முயன்றால் உட்காராது. மாறாக, மெல்லிய பல்லில் அகலச் செயின் உட்காரும். கொஞ்சம் சத்தம் வரும்.

செயினில் உள்தகட்டுக் கண்ணியும் வெளித்தகட்டுக் கண்ணியும் மாறி மாறி வரும். ஆகவே நீளத்தைக் குறைக்க வேண்டுமானால் இரண்டையும் சேர்த்து ஓர் அங்குலம்தான் எடுக்க முடியும். ஓர் அங்குலம் எடுத்தால் பின் அச்சு அரை அங்குலம் முன்னே வரும். இதற்கும் இடைப்பட்ட நீளம் வேண்டுவோருக்கு ஒரு முனை குறுகி மறுமுனை விரிந்த அரைக்கண்ணி என்று ஒன்று உண்டு. எல்லாக் கடையிலும் கிடைக்காது.

விசை எந்தப் பக்கம்

மாணவர்கள் பலரும் செயின் முழுவதும் ஒரே இழுப்பில் இருக்கிறது என்று எண்ணுகிறார்கள். முன்னோக்கி மிதிக்கும்போது ஃப்ரீவீலை இழுப்பது செயினின் மேல் பகுதி மட்டுமே. கீழ்ப்பகுதி சும்மா திரும்பி வருகிறது. அதில் இழுப்பு ஏதும் இல்லை.

மேல் பகுதியில் எவ்வளவு விசை? 48 பல் செயின் வீலின் சுற்றளவு 48 × 12.7, அதாவது ஏறக்குறைய 610 மில்லிமீட்டர். அதன் ஆரம் 97 மில்லிமீட்டர். கிராங்கின் நீளம் 170 மில்லிமீட்டர் என்று கொள்வோம். 60 கிலோ எடையுள்ளவர் கிராங்க் கிடைமட்டமாக இருக்கும்போது ஒரு பெடலில் முழு எடையையும் வைத்து நின்றால் செயினில் விழும் இழுப்பு 60 × 170 ÷ 97, அதாவது சுமார் 105 கிலோ எடைக்குச் சமம். ஒன்பதாம் வகுப்பில் படித்த நெம்புகோல் கணக்கே இது.

இந்த இழுப்பு செயின் இறுக்கத்திலிருந்து வருவதில்லை, காலிலிருந்து வருகிறது. வண்டி நிற்கும்போது செயினை வில் நாண்போல முறுக்கி வைத்தால் ஓட்டம் வலுப்படும் என்ற நம்பிக்கைக்கு அடிப்படை கிடையாது. அதிகப்படி இறுக்கம் ஃப்ரீவீல், பின் அச்சு, கிராங்க் அச்சு ஆகியவற்றின் பால்ஸ்களைத்தான் தின்னும். இறுகிய செயின் ஓடும்போது அரைபடும் ஓசை கேட்கும். பெடல் சில இடங்களில் கனக்கும்.

தளர்ந்தால் என்ன ஆகும்? இரண்டு நிகழ்வுகள். முதலாவது இறக்கத்தில் நேர்வது. கோரிமேட்டிலிருந்து பெடல் மிதிக்காமல் இறங்கும்போது சக்கரம் சுழல்கிறது. ஃப்ரீவீல் நிற்க வேண்டும். ஆனால் உள்ளே அழுக்கும் பழைய கிரீஸும் சேர்ந்திருந்தால் ஃப்ரீவீல் சக்கரத்தோடு சற்றே இழுபடும். அது செயினின் மேல் பகுதியை முன்னோக்கித் தள்ளும். தள்ளப்பட்ட செயின் மேலே சுருண்டு தொங்கும். அந்த நேரம் பார்த்து ஒரு பள்ளம் வந்தால் செயின் வீலிலிருந்து கழன்று விழும். 'மிதிக்கவே இல்லை, எப்படிக் கழன்றது?' என்று கேட்பவர்களுக்கு இதுதான் விடை. இத்தகைய வண்டியில் செயினை மட்டும் இறுக்கினால் போதாது. ஃப்ரீவீலுக்கு எண்ணெய் விட வேண்டும் அல்லது அதை மாற்ற வேண்டும்.

இரண்டாவது ஏற்றத்தில் நேர்வது. மிதிக்கும்போது கீழ்ப்பகுதிச் செயின் பின்னோக்கிப் போய் ஃப்ரீவீலின் அடிப்புறத்தில் நுழைகிறது. தொய்வு அதிகமானால் உருளைகள் பல்லிடுக்கின் அடியில் உட்காராமல் பல்லின் சரிவில் ஏறி நிற்கும். 18 பல் ஃப்ரீவீலில் செயினைப் பற்றியிருப்பவை எட்டு ஒன்பது பற்களே. நூறு கிலோ இழுப்பு வரும்போது ஏறி நின்ற உருளை அடுத்த பல்லுக்குத் தாவும். காலுக்கு அடியில் பெடல் திடீரென்று இல்லாமல் போகும்.

அரை மில்லிமீட்டர் கணக்கு

பொதுவாகச் சொல்லப்படும் அளவு இது: செயின் வீலுக்கும் ஃப்ரீவீலுக்கும் நடுவில் விரலால் செயினைத் தூக்கி, பின் அழுத்திப் பார்த்தால் மொத்த அசைவு சுமார் அரை அங்குலம் இருக்க வேண்டும். கட்டைவிரல் நகத்தின் அகலம் என்று நினைவில் கொள்ளலாம்.

அந்த அரை அங்குல அசைவுக்குச் செயின் எவ்வளவு அதிக நீளமாக இருக்க வேண்டும்? இதைக் கணக்கிட்டுப் பார்ப்பவர்கள் வியப்படைவார்கள். இரண்டு பல்சக்கரங்களுக்கும் இடையே செயின் தொங்கும் தூரம் 450 மில்லிமீட்டர் என்று வைப்போம். நடுவில் இழுக்கும்போது செயின் இரண்டு செங்கோண முக்கோணங்களின் கர்ணங்களாகிறது. பிதாகரஸ் தேற்றத்தைப் பயன்படுத்திச் சுருக்கினால் ஒரு எளிய விதி கிடைக்கும்: அதிகப்படி நீளத்தை அந்தத் தூரத்தின் பாதியால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால், நடுப்புள்ளி நேர்கோட்டிலிருந்து எவ்வளவு விலகும் என்பது வரும்.

அதிகப்படி நீளம் 1 மில்லிமீட்டர் என்றால் 1 × 225; அதன் வர்க்கமூலம் 15. மேலே 15, கீழே 15, ஆக மொத்தம் 30 மில்லிமீட்டர் அசைவு. ஒரே ஒரு மில்லிமீட்டர் நீளம் கூடியதற்கு ஓர் அங்குலத்துக்கும் மேற்பட்ட தொய்வு. அரை அங்குல அசைவுக்கு வேண்டிய அதிகப்படி நீளம் சுமார் 0.18 மில்லிமீட்டர்தான். கண்ணிகளின் இணைப்பில் உள்ள சிறு தளர்வையும் செயினின் எடையையும் ஒதுக்கிவிட்டுச் செய்த கணக்கு இது. என்றாலும் உண்மை நிலைமைக்குத் தூரம் இல்லை. வகுப்பில் இரண்டு ஆணிகளுக்கு இடையே கட்டிய நூலைக் கொண்டே செய்து காட்டலாம்.

பின் அச்சை 1 மில்லிமீட்டர் பின்னுக்கு இழுத்தால் மேல், கீழ் இரண்டு பகுதிகளும் நீள்வதால் செயினில் 2 மில்லிமீட்டர் அதிகப்படி நீளம் உள்வாங்கப்படும். அப்படியானால் 30 மில்லிமீட்டர் தொய்வை முற்றிலும் நீக்க அச்சு நகர வேண்டியது அரை மில்லிமீட்டர். அட்ஜஸ்டர் நட்டை இரண்டு மூன்று சுற்று ஒரே மூச்சில் முறுக்குபவர்களின் வண்டி ஏன் கனமாகி விடுகிறது என்பது இப்போது புரியும். பெரும்பாலான சமயங்களில் அரைச் சுற்று போதும்.

மூன்று சக்கரச் சரக்கு வண்டியில் செயின் நீளமானது. தொங்கும் தூரம் இருமடங்கானால் அதே 1 மில்லிமீட்டருக்கு விலகல் 15-லிருந்து 21 ஆகும். நீளச் செயினின் எடையும் சேர்ந்து அதை இன்னும் தொங்கச் செய்யும். ஆகவே அவ்வகை வண்டிக்கு அரை அங்குல விதியை அப்படியே வைக்கக் கூடாது. கூடுதலாகவே விட வேண்டும்.

இறுக்கமான இடம்

மேலே சொன்ன கணக்கில் செயின் வீல் மாசற்ற வட்டமாக, அச்சுக்குச் சரியான நடுவில் இருப்பதாக எடுத்துக்கொண்டோம். கடையில் வாங்கும் செயின் வீல் அப்படி இருப்பது அபூர்வம். அதன் மையம் கால் மில்லிமீட்டர் விலகியிருந்தாலே ஒரு முழுச் சுற்றில் அச்சுகளுக்கு இடைப்பட்ட தூரம் அரை மில்லிமீட்டர் கூடிக் குறைந்ததற்கு ஒப்பாகும். அதனால் செயினின் அதிகப்படி நீளம் 1 மில்லிமீட்டர் மாறும். ஓரிடத்தில் விறைப்பாக நிற்கும் செயின் அரைச் சுற்று கழித்து 30 மில்லிமீட்டர் தொங்கலாம். அதற்குச் செயின் காரணமில்லை.

ஆகவே ஒரே இடத்தில் தொட்டுப் பார்த்து முடிவு செய்வது தவறு. பெடலை மெல்லச் சுற்றி, கால் சுற்றுக்கு ஒரு முறை நிறுத்தி, ஒவ்வொரு நிலையிலும் அசைவைப் பார்க்க வேண்டும். எந்த நிலையில் செயின் மிக இறுக்கமாக இருக்கிறதோ அந்த நிலையில்தான் தொய்வை அமைக்க வேண்டும். அங்கே சிறிதளவேனும் அசைவு இருந்தாக வேண்டும். அதன் விளைவாக எதிர்ப்புறத்தில் முக்கால் அங்குலம், ஓர் அங்குலம் தொங்கினாலும் பழைய வண்டிக்கு அதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். புத்தகத்தில் உள்ள அரை அங்குலத்தை விட இறுக்கமான இடத்தில் வைக்கும் அளவே நடைமுறையில் முக்கியமானது என்பது என் கருத்து.

செயின் வீல் தனியாக போல்ட் வைத்து மாட்டப்பட்டிருந்தால் அந்த போல்ட்களைச் சற்றே தளர்த்தி, இறுக்கமான இடத்தில் லேசாகத் தட்டி மையத்துக்குக் கொண்டுவர முடியும். நம் பெரிய சைக்கிளில் செயின் வீலும் வலது கிராங்கும் ஒரே துண்டாகப் பிடிக்கப்பட்டிருப்பதால் அந்த வழி கிடையாது. காட்டர் பின் தளர்ந்து கிராங்க் ஆடினாலும், கிராங்க் அச்சின் கப் தளர்ந்தாலும் இதே குறி தென்படும். செயினில் கை வைக்கும் முன் கிராங்கைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்துவிட வேண்டும்.

சரிசெய்யும் முறை

பெரிய சைக்கிளில் ஸ்டாண்டு, கேரியர் கால், மட்கார்டு கம்பி எல்லாமே பின் அச்சோடு சேர்ந்து நட்டுக்கு அடியில் இருப்பதால் நட்டைத் தளர்த்தினால் ஸ்டாண்டும் ஆடும். எனவே வண்டியைத் தலைகீழாக, சீட்டும் கைப்பிடியும் தரையில் படும்படி நிறுத்துவதே வழக்கம். மணியும் விளக்கும் அடிபடாமல் சாக்கு ஒன்றை விரித்துக்கொள்ளலாம். தலைகீழாக நிறுத்தியபின் இழுக்கும் பகுதி கீழே வந்துவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

முதலில் பிரேக் கட்டை ரிம்மிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். அச்சு நகர்ந்தால் அந்த இடைவெளியும் மாறும். கம்பி பிரேக் உள்ள வண்டியில் இதைக் கவனிக்காமல் விட்டால் செயின் சரியாகி பிரேக் கெட்டுப்போகும்.

பிறகு இரண்டு பக்க நட்டையும் தளர்த்த வேண்டும், கழற்ற வேண்டாம். அச்சு காடிக்குள் நகரும் அளவு போதும். காடியின் பின்முனையில் தெரியும் சிறு நட்டுதான் செயின் அட்ஜஸ்டர். அச்சில் மாட்டிய வளையத்தோடு கூடிய ஒரு திருகாணியை அது பின்னோக்கி இழுக்கிறது. வலப்பக்க அட்ஜஸ்டரைக் கால் சுற்று, அரைச் சுற்று என முறுக்கி, ஒவ்வொரு முறையும் செயின் அசைவைப் பார்க்க வேண்டும். பார்க்கும்போது ஒரு கையால் பெடலை ஓட்டும் திசையில் லேசாக அழுத்திப் பிடித்தால் அதிகப்படி நீளம் முழுவதும் ஒரே பகுதிக்கு வந்துவிடும், அளவு பிழைக்காது.

வலப்பக்கம் சரியானதும் இடப்பக்க அட்ஜஸ்டரால் சக்கரத்தை நேராக்க வேண்டும். கிராங்க் அச்சிலிருந்து பின்சக்கரத்துக்கு வரும் இரண்டு குழாய்களுக்கும் டயருக்கும் இடையே உள்ள இடைவெளி இருபுறமும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பதே இதற்கு வழி. ஆனால் ரிம் பெண்டாக இருந்தால் இந்த அளவு ஏமாற்றும். சக்கரத்தை அரைச் சுற்று திருப்பி மீண்டும் ஒருமுறை பார்த்தால் தெரிந்துவிடும்.

இனி நட்டுகளை இறுக்கலாம். ஒரு பக்கத்தை முழுவதும் இறுக்கிவிட்டு மறுபக்கம் போவது கூடாது. நட்டு சுற்றும்போது அச்சையும் சற்றே இழுத்துப் போகும். நாம் பேசிக்கொண்டிருப்பதோ அரை மில்லிமீட்டர். வலம், இடம், மீண்டும் வலம் என்று மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். இறுக்கி முடித்ததும் தொய்வையும் இறுக்கமான இடத்தையும் திரும்பப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் சற்றே மாறியிருக்கும். இரண்டாம் முறை செய்வதைக் குறையாகக் கருத வேண்டியதில்லை. தொழில் தெரிந்தவர்களும் அப்படித்தான் செய்கிறார்கள்.

அட்ஜஸ்டர் இல்லாத வண்டியில் கையாலேயே சக்கரத்தை நடத்த வேண்டும். வலது நட்டைக் கொஞ்சம் பிடிக்க வைத்து, சக்கரத்தின் முன்பகுதியை ஒரு பக்கம் தள்ளினால் தளர்ந்திருக்கும் இடது முனை நகரும். பிறகு இடதைப் பிடிக்க வைத்து வலதைத் தளர்த்தி எதிர்ப்பக்கம் தள்ள வேண்டும். இப்படி முனைகள் மாறி மாறி அடி எடுத்து வைத்துப் பின்னால் போகும்.

நட்டு சரியாக இறுகாத வண்டியைக் கண்டுபிடிப்பது எளிது. செயின் இழுப்பது வலது முனையை. நூறு கிலோ இழுப்பில் வலது முனை முன்னே நகர்ந்தால் சக்கரத்தின் முன்பகுதி இடப்பக்கம் சாயும். டயர் இடதுபுறக் குழாயில் உரசும். அந்தக் குழாயின் உட்புறத்தில் பெயிண்ட் தேய்ந்து பளபளக்கும் வண்டிகளை எந்த சைக்கிள் நிறுத்தத்திலும் பார்க்கலாம்.

விரல்

இந்த வேலையில் உள்ள பெரிய ஆபத்து விரல் மாட்டிக்கொள்வது. தலைகீழாக நிற்கும் வண்டியின் பெடலைச் சிறுவர்கள் ஆசையாகச் சுற்றுவார்கள். செயின் பல்சக்கரத்துக்குள் நுழையும் இடத்தில் விரலோ துணியோ அகப்பட்டால் ஓடும் செயின் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். விரல் நுனி துண்டாகும் அளவுக்குக் காயம் ஏற்படக்கூடும். செயினைத் தொடும்போது சக்கரம் நின்றிருக்க வேண்டும். பெடலைச் சுற்றும் கையும் செயினைத் தொடும் கையும் ஒருவருடையதாகவே இருக்க வேண்டும். துடைக்கும்போதும் கை இரண்டு பல்சக்கரங்களுக்கும் நடுவிலேயே இருக்கட்டும்.

ஓட்டும்போது புடவை, தாவணி, வேட்டி நுனி மாட்டுவதும் இதே இடத்தில்தான். செயின் கவரைத் தொல்லை என்று கழற்றிப் போடுபவர்கள் இதை யோசிக்க வேண்டும். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் பகுதியாகப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றபோது அவர்களில் பெரும்பாலோர் புடவையோடுதான் ஓட்டினார்கள். முழு செயின் கவருக்குள் தொய்ந்த செயின் தகரத்தில் அடித்துச் சத்தம் போடும் என்பதால், தொய்வைக் காதாலேயே அறியலாம் என்ற வசதியும் உண்டு.

தேய்மானமும் உப்புக்காற்றும்

செயின் நாளடைவில் நீளுகிறது என்கிறோம். தகடுகள் ரப்பர்போல நீள்வதில்லை. ஒவ்வோர் ஊசியும் அதன் குழலும் உரசித் தேய்வதால் ஒவ்வொரு கண்ணியிலும் சிறிது தளர்வு கூடுகிறது. 110 ஊசிகள் உள்ள செயினின் நீளம் ஏறக்குறைய 1,397 மில்லிமீட்டர். அதில் நூற்றுக்கு அரைப் பங்கு கூடினாலே 7 மில்லிமீட்டர். இத்தனை மில்லிமீட்டருக்கு என்ன தொய்வு வரும் என்பதை மேலே சொன்ன விதியால் மாணவர்களே கணக்கிடட்டும்.

தேய்மானத்தை அளக்க ஓர் அடி ஸ்கேல் போதும். ஓர் ஊசியின் மையத்தில் பூச்சியத்தை வைத்தால் 24 கண்ணிகளுக்குப் பிறகு வரும் ஊசியின் மையம் சரியாக 12 அங்குலத்தில் இருக்க வேண்டும். 1/16 அங்குலம் தாண்டியிருந்தால் செயினை மாற்றும் காலம் வந்துவிட்டது. 1/8 அங்குலம் தாண்டியிருந்தால் செயினோடு ஃப்ரீவீலையும் மாற்ற வேண்டியிருக்கும். நீண்ட செயின் பற்களை ஒரு பக்கமாக அரித்துச் சுறாமீன் துடுப்புபோல வளைத்துவிடும். அப்படிப்பட்ட பற்களில் புதுச் செயினை மட்டும் போட்டால் தொய்வு எவ்வளவு சரியாக இருந்தாலும் தாவும். கடைக்காரர் இரண்டையும் சேர்த்து மாற்றச் சொல்வது எப்போதும் விற்பனைத் தந்திரம் ஆகாது. பல்லைப் பார்த்தால் நமக்கே தெரியும்.

புதுச்சேரி போன்ற கடற்கரை ஊரில் செயின் சீக்கிரம் தேய்வதற்கு மணலும் உப்புக்காற்றும் காரணம். மீன்கூடையிலிருந்து சொட்டும் உப்புநீர் நேரே ஃப்ரீவீலில் விழும் வண்டிகள் இன்னும் மோசம். துருப்பிடித்த ஓரிரு கண்ணிகள் மடங்காமல் விறைத்து நிற்கும். அவை ஃப்ரீவீலைச் சுற்றும்போது செயின் துள்ளும். பார்ப்பதற்கு இறுக்கமான இடம்போலத் தோன்றும். வேறுபாடு என்னவென்றால், செயின் வீலால் வரும் இறுக்கம் பெடலின் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே நிலையில் வரும். விறைத்த கண்ணியால் வருவது நிலை மாறி மாறி வரும்.

மண்ணெண்ணெயில் துணியை நனைத்துத் துடைத்து, காய்ந்தபின் ஒவ்வோர் உருளை மீதும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, வெளியே வழிவதைத் துடைத்துவிட வேண்டும். எண்ணெய் வேலை செய்வது உள்ளே. வெளியே நிற்கும் எண்ணெய் மணலைப் பிடித்து வைக்கிறது. தேங்காய் எண்ணெய் பிசினாகிவிடும். மோட்டார் வண்டியிலிருந்து வடித்த கறுப்பு ஆயிலைச் சும்மா கிடைக்கிறது என்று ஊற்றுகிறார்கள். அதில் ஏற்கெனவே தேய்ந்த உலோகத் துகள் கலந்திருக்கிறது.

புதுச் செயின் போடும்போது அச்சு காடியின் முன்பகுதியில் இருக்கும்படி நீளத்தைத் தேர்ந்தால் பின்னால் தேய்மானத்துக்கு இடம் மிச்சமிருக்கும். செயின் லாக்கின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்த்திருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் எதிலாவது உரசித் திறந்துகொள்ளும்.

மலைப்பாதை வண்டிகள்

அச்சை நகர்த்தும் காடி ஒரு காலத்தில் கியர் மாற்றவும் உதவியது. டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் 1937 வரை செயினை இடம் மாற்றும் கியர் கருவி அனுமதிக்கப்படவில்லை. வீரர்கள் பின்சக்கரத்தின் இருபுறமும் வேறு வேறு பல் எண்ணிக்கையுள்ள சக்கரங்களை வைத்துக்கொண்டு, மலையடிவாரத்தில் இறங்கி நட்டைத் தளர்த்தி, சக்கரத்தைத் திருப்பி மாட்டி, செயினை மீண்டும் இழுத்து அமைத்துக்கொண்டு ஏறினார்கள்.

இன்றைய ஒற்றைக் கியர் மலை மிதிவண்டிகளில் 32 பல்லுக்கு 16 அல்லது 18 பல் என்பது பரவலான அமைப்பு. இவற்றில் டிஸ்க் பிரேக் இருப்பதால் ஒரு புதுச் சிக்கல் வருகிறது. அச்சு பின்னே போனால் டிஸ்க்கும் போகும். அதைப் பிடிக்கும் பகுதி சட்டத்திலேயே நின்றுவிடும். இதற்கு இரண்டு தீர்வுகள் உண்டு. ஒன்று, பின் அச்சும் பிரேக்கும் சேர்ந்து நகரும்படி சட்டத்தின் பின்முனையைத் தனித் துண்டாகச் செய்வது. மற்றது, பின்சக்கரத்தை அப்படியே விட்டுவிட்டு கிராங்க் அச்சை மையம் விலகிய ஓர் உருளைக்குள் பொருத்துவது. உருளையைத் திருப்பினால் கிராங்க் முன்னே பின்னே போகும். முன்பு நாம் குறையாகப் பார்த்த மையவிலகலே இங்கே கருவியாகிறது.

கியர் வண்டியை ஒற்றைக் கியராக மாற்றுபவர்களுக்கு இந்த வசதிகள் இருக்காது. அவ்வண்டிகளில் காடி செங்குத்தானது; அச்சு நகராது. செயின் வீல், ஃப்ரீவீல் பற்களை மாற்றிப் பார்த்தும், அரைக்கண்ணி சேர்த்தும் அதிர்ஷ்டவசமாகப் பொருந்தும் நீளத்தைத் தேடலாம். செயின் தேய்ந்ததும் அந்தப் பொருத்தம் போய்விடும். ஸ்பிரிங் கை ஒன்றைப் பொருத்துவதே நிலையான வழி. எந்த முறையானாலும் செயின் வீலும் ஃப்ரீவீலும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். பின்னாலிருந்து ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு செயினின் மேல் பகுதியைப் பார்த்தால் கோணல் தெரியும். ஃப்ரீவீலுக்குப் பின்னால் ஒரு வாசர் வைத்தோ எடுத்தோ அதைச் சரிசெய்துவிட்டுத்தான் தொய்வை அளக்கத் தொடங்க வேண்டும்.